நேருவின் 1946ஆம் ஆண்டுச் சிங்கப்பூர் வருகை: மக்கள் திரளும் இதழ்ச் செய்தியும்

முன்னுரை

1946ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பண்டித ஜவகர்லால் நேரு சிங்கப்பூர் வந்தார். தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டன் பிரபு அவரை அரசு மாளிகையில் வரவேற்றார். பின்னர் இருவரும் ஒரே காரில் நகர வீதிகளின் வழியே சென்றனர். இந்தியப் படைவீரர்களுக்கான ஒய்.எம்.சி.ஏ. நலவிடுதியில் எட்வினா மவுண்ட்பேட்டன் அவர்களை எதிர்பார்த்திருந்தார். நேருவைப் பின்தொடர்ந்து வந்த மக்கள் வாசல் வழியே உள்ளே பாய்ந்தபோது எட்வினா நெரிசலில் சிக்கிக் கீழே விழுந்தார். ஆபத்தேதும் இன்றி அவர் மீண்டார். மூவரும் அன்று முதன்முறையாகச் சந்தித்தனர். பதினேழு மாதங்களுக்குப் பிறகு இந்தியா விடுதலை பெற்றபோது, ஆட்சிமாற்றத்தின் நடுவே நின்றவர்களும் இம்மூவரே.

இந்நிகழ்ச்சியை நாம் வெளிநாட்டில் ஆய்வு மாணவராக இருந்த நாள்களில் முதன்முதலில் ஆங்கில நூல்களில்தான் படித்தோம். அந்நூல்களில் இது ஒரு நட்பின் தொடக்கக் கதை. நேருவின் வாழ்க்கை வரலாற்றிலும் மவுண்ட்பேட்டனின் வாழ்க்கை வரலாற்றிலும் ஓரிரு பத்திகளில் சுவைபட இது சொல்லப்படும். அப்பத்திகளில் மூவருக்குப் பெயர் உண்டு. எஞ்சியோர் அனைவரும் 'கூட்டம்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுவர். அந்தக் கூட்டம் நம் மக்கள் என்பதும், அவர்களில் மிகப் பலர் தமிழ்த் தொழிலாளர்கள் என்பதும் அங்கே பதிவாவதில்லை.

ஒரு தலைவரின் வருகையை ஒட்டித் திரளும் மக்களை ஆட்சியாளர் எவ்வாறு கையாண்டனர், அதனை இதழ்கள் எவ்வாறு பதிவு செய்தன என்னும் இரு வினாக்களை 1946ஆம் ஆண்டு வருகையைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். மக்கள் திரள் ஆபத்தாக மாறுவதும் விழாவாக அமைவதும் திரளின் இயல்பைவிட ஆட்சியாளர் முன்கூட்டி எடுக்கும் முடிவையே பெரிதும் சார்ந்தவை என்பது நாம் நிறுவ விழையும் கருத்தாகும்.

1. 1946 மார்ச்சில் சிங்கப்பூர்

1945 செப்டம்பரில் சப்பானியர் சரணடைந்தபின் மலாயாவும் சிங்கப்பூரும் பிரிட்டிஷ் இராணுவ நிருவாகத்தின் கீழ் இருந்தன. 1946 ஏப்ரல் 1ஆம் நாள் மலாயன் யூனியன் தொடங்கப்பெற்றுச் சிங்கப்பூர் தனிக் குடியேற்ற நாடாகும் வரை அந்நிருவாகம் நீடித்தது. ஆகவே, நேரு வந்தபோது இராணுவ நிருவாகத்திற்கு எஞ்சியிருந்தவை இரண்டு வாரங்களே.

அவை அமைதியான நாள்கள் அல்ல. அரிசிக்குக் கடும் பற்றாக்குறை நிலவியது. சப்பானியர் காலத்து 'வாழைமர நோட்டு' செல்லாக் காசாகிவிட்டதால் தொழிலாளர் குடும்பங்களின் சிறுசேமிப்பும் கரைந்து போயிருந்தது. 1946 சனவரி இறுதியில் சிங்கப்பூரில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. சிங்கப்பூர் வீழ்ந்த நாளான பிப்ரவரி 15ஐ நினைவுகூர இடதுசாரி அமைப்புகள் ஊர்வலம் நடத்த முனைந்தன. நிருவாகம் தடை விதித்தது. தடையை மீறிப் பிராஸ் பாசா சாலையில் திரண்டவர்கள்மீது காவல்துறையினர் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர்.

இந்தியாவின் நிலையும் கொந்தளிப்பானதே. இந்திய தேசிய இராணுவத்தைச் சேர்ந்த ஷா நவாஸ் கான், சகல், தில்லான் ஆகிய மூவர்மீதும் செங்கோட்டையில் நடைபெற்ற வழக்கு நாடெங்கும் எழுச்சியை உண்டாக்கியது. 1946 சனவரித் தொடக்கத்தில் அவர்களின் ஆயுள்கால நாடுகடத்தல் தண்டனை தள்ளுபடி செய்யப்பட்டது. பிப்ரவரி 18ஆம் நாள் பம்பாயில் அரச இந்தியக் கடற்படையினர் கிளர்ந்தெழுந்தனர். நேரு சிங்கப்பூரில் வந்திறங்கியது அக்கிளர்ச்சி தொடங்கிச் சரியாக ஒரு மாதம் ஆன நாளில் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மவுண்ட்பேட்டனின் ஆணைக்கு உட்பட்ட படைகளில் இந்திய வீரர்கள் பெருந்தொகையினராக இருந்தனர். அவர்களுள் பலர் இந்தோனேசியாவில் டச்சு ஆட்சியின் மீட்சிக்குத் துணைபோக நேர்ந்ததை இந்தியத் தலைவர்கள் கடுமையாகக் கண்டித்து வந்தனர். அவ்வீரர்களின் மனநிலையே தலைமைத் தளபதியின் முதற்கவலையாக இருந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

2. திரண்டவர் யாவர்

1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 9 இலட்சத்து 38 ஆயிரம். அவர்களுள் இந்தியர் ஏறத்தாழ 69 ஆயிரம். துறைமுகம், நகராட்சி, செம்பவாங் கடற்படைத்தளம் ஆகியவற்றில் உடலுழைப்பில் ஈடுபட்டோர் அவர்களுள் மிகுதி. பாலத்திற்கு அப்பால் சொகூர் தொடங்கி வடக்கே கெடா வரையில் இரப்பர்த் தோட்டங்களில் தமிழர்கள் வாழ்ந்தனர்.

இம்மக்கள் நேருவை அறியாதவர்கள் அல்லர். 1937ஆம் ஆண்டில் தம் மகள் இந்திராவுடன் அவர் மலாயாவுக்கு வந்திருந்தார். அதற்கு அடுத்த ஆண்டு, உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு நிறுத்தியது. எனினும் 1937இல் நேருவைக் கண்ட மக்களும் 1946இல் அவரை எதிர்கொண்ட மக்களும் ஒரே மனநிலையினர் எனக் கருத இயலாது. இடையில் நேர்ந்தவை மிகப் பெரியன.

முதலாவது, சயாம் மரண இரயில்பாதை. 1942 அக்டோபருக்கும் 1943 அக்டோபருக்கும் இடையே சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இடப்பட்ட அப்பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் எத்தனை பேர் என்பதற்கு இன்றுவரை துல்லியமான கணக்கு கிடையாது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஆணில்லாத வீடுகளும் பெற்றோரற்ற பிள்ளைகளும் இருந்தனர் என்பதே அதற்குச் சான்று.

இரண்டாவது, இந்திய தேசிய இராணுவம். 1943 சூலை 5ஆம் நாள் சிங்கப்பூர்ப் பாடாங் திடலில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் படைவகுப்பைப் பார்வையிட்டார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் சீருடை அணிந்தனர். ஜான்சி ராணிப் படையில் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். அதுவரை கங்காணிக்கும் கிராணிக்கும் முன்னால் கைகட்டி நின்ற சமூகம், வரிசையில் நிற்கவும் முழக்கமிடவும் தலைவரின் சொல்லுக்குச் செவிசாய்க்கவும் பொதுத்திடலில் பயிற்சி பெற்றது. 1946இல் வீதிக்கு வந்த திரளை ஒழுங்கறியாக் கும்பல் எனக் கருதுவது வரலாற்றுப் பிழையாகும். திரள்வதில் மூன்றாண்டுப் பட்டறிவு உடைய மக்கள் அவர்கள்.

மூன்றாவது, சிறை. போருக்குப் பின் இந்திய சுதந்திர லீக்கிலும் இந்திய தேசிய இராணுவத்திலும் பொறுப்பு வகித்தவர்களுள் பலர் சப்பானியருக்கு உடந்தையானவர்கள் என்னும் குற்றச்சாட்டில் மலாயாவில் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களின் நிலையையும் இந்தியச் சமூகத்தின் பொது நிலையையும் நேரில் அறிவதே நேருவின் பயணத்தின் முதன்மை நோக்கமாகும். எனவே, வீதியோரம் நின்ற பலருக்கு அவர் உறவினரைப் பற்றி முறையிடத்தக்க ஒரே பெரிய மனிதராகவும் இருந்தார்.

3. மறுத்தலும் அனுமதித்தலும்

நேரு வருகிறார் என்ற செய்தி கிட்டியதும் உள்ளூர் அதிகாரிகள் முதலில் வகுத்த திட்டம் எத்தகையது என்பதைப் பின்னாளில் மவுண்ட்பேட்டனே எடுத்துரைத்தார். 1968 நவம்பரில் கேம்பிரிட்ஜில் அவர் ஆற்றிய நேரு நினைவுச் சொற்பொழிவு அதற்கு முக்கியச் சான்றாகும். அவருடைய கூற்றையும் அவர்தம் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் தரும் செய்திகளையும் இணைத்துப் பார்த்தால் அத்திட்டம் இவ்வாறு அமைகிறது: நேருவுக்கு அரசுமுறை வரவேற்பு கூடாது, அரசாங்கக் கார் தரலாகாது, இந்தியப் படைவீரர்கள் அவரைக் காணாதவாறு முகாம்களிலேயே நிறுத்தி வைக்கப்பட வேண்டும். நேரு சிறையிலிருந்து வெளிவந்து ஓராண்டும் நிறையாத காலம் அது. அதிகாரிகளின் பார்வையில் அவர் முன்னாள் கைதி.

மவுண்ட்பேட்டன் இத்திட்டத்தை முற்றாக மாற்றினார். நேருவைத் தாமே வரவேற்பது, தம் காரிலேயே அழைத்துச் செல்வது, படைவீரர்கள் வெளியே வர இசைவளிப்பது, தொலைவிலிருக்கும் இந்தியர்கள் வந்து காண்பதற்குப் படைத்துறை லாரிகளை அனுப்புவது என்பன அவர் பிறப்பித்த ஆணைகள்.

இரு திட்டங்களும் ஒரே அச்சத்திலிருந்து பிறந்தவை என்பதை இங்கே சுட்டுதல் வேண்டும். திரள் கட்டுமீறிவிடுமோ என்பதே அந்த அச்சம். முதல் திட்டம் மக்களைத் தலைவரிடமிருந்து பிரிக்க முனைகிறது. அவ்வாறு பிரிக்கும்போது முகாம் கதவுக்குப் பின்னால் மனக்குறை திரளும். பம்பாயில் ஒரு மாதத்திற்கு முன் நடந்தது அத்தகையதே. இரண்டாவது திட்டம் மக்களைத் தலைவரின் முன் நிறுத்தி, அவருடைய செல்வாக்கையே ஒழுங்கு காக்கும் கருவியாக்குகிறது. கூடியிருப்பவர்கள் காண வந்ததைக் கண்டுவிட்டால் கலைந்து செல்வர் என்பது அதன் அடிப்படை.

ஆயினும் இதனைப் பெருந்தன்மை என்று மட்டும் புகழ்வது முழுமையான மதிப்பீடு ஆகாது. பிராஸ் பாசா சாலையில் துப்பாக்கிச் சூடு நடந்து முப்பத்தொரு நாள்களே ஆகியிருந்தன. நகரம் அதுவே, நிருவாகமும் அதுவே, பசியும் அரிசித் தட்டுப்பாடும் அவையே. ஒரு திரளுக்குத் துப்பாக்கிக் குண்டு கிடைத்தது. மற்றொரு திரளுக்கு லாரி கிடைத்தது. இவ்வேறுபாட்டைச் சீனரின் இயல்பு, இந்தியரின் இயல்பு என்று விளக்க முற்படுவோர் குடியேற்ற ஆட்சியாளரின் பழைய இனவகைப்பாட்டையே மீண்டும் சொல்பவர் ஆவர். இந்தியாவில் ஆட்சி கைமாறப்போவது உறுதியாகிவிட்டது. விரைவில் ஆட்சிக்கு வரவிருந்தவர் நேரு. அவருடைய நல்லெண்ணம் பிரிட்டனுக்குத் தேவைப்பட்டது. மலாயா இடதுசாரிகளின் நல்லெண்ணம் தேவைப்படவில்லை. திரள் கையாளப்படும் முறையை ஆராய்பவர் முதலில் கேட்க வேண்டிய வினா, அத்திரளின் தலைவர் ஆட்சியாளருக்கு எந்த அளவு வேண்டியவர் என்பதேயாகும்.

4. தெருவும் வாசலும்

அன்று நேர்ந்த ஒரே விபத்து எங்கே நேர்ந்தது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். நகர வீதியில் இருமருங்கும் மக்கள் நிற்க, கார் ஊறின்றிச் சென்றது. நெரிசல் ஏற்பட்டது கட்டடத்தின் வாசலில்.

திறந்த வெளியில் திரள் விரியவும் பின்வாங்கவும் இடம் உண்டு. வாசலில் அது இல்லை. முன்னால் செல்பவர் நின்றாலும் பின்னால் வருபவர் அதை அறியார். அவர்கள் தள்ளிக்கொண்டே இருப்பர். அங்கே பகைமை தேவையில்லை, அன்பே போதும். நேருவை அருகில் காண வேண்டும் என்னும் ஆவலோடு பின்தொடர்ந்தவர்கள் குறுகிய வாசலில் ஒரே வேளையில் நுழைந்தபோது எதிரே வரவேற்க நின்ற எட்வினா நிலைகுலைந்தார். கோயில் திருவிழாக்களில் தேரோடும் வீதியைவிடக் கருவறை வாசலில் நெரிசல் மிகுவதை அறிந்த நமக்கு இது புதிதன்று.

அவர் எவ்வாறு மீண்டார் என்பதை நூல்கள் இருவகையாகக் கூறுகின்றன. நேருவும் மவுண்ட்பேட்டனும் கைகோத்துக் கூட்டத்தை விலக்கி அவரைத் தூக்கி நிறுத்தினர் என்பது ஒன்று. அவரே தவழ்ந்து அறையின் மறுபக்கம் சென்று சேர்ந்தார் என்பது மற்றொன்று. முதல் கூற்றில் இரு பெருந்தலைவர்களின் கைகள் இணைகின்றன. ஆட்சி கைமாறுவதற்கான முன்னறிவிப்புப் போல அக்காட்சி அமைந்துவிடுகிறது. அதனாலேயே அது மிகுதியும் எடுத்தாளப்படுகிறது எனலாம். பின்னாளில் நிகழ்ந்தவற்றை அறிந்தவர்கள் முன்னாளை நினைவுகூரும்போது நினைவு தானாகவே செப்பமடைந்துவிடும். சான்றுகளை மதிப்பிடுவோர் இதனைக் கருத்தில் கொள்ளுதல் இன்றியமையாதது.

திட்டமிட்டவர்கள் தெருவை எண்ணினர், வாசலை எண்ணவில்லை. அக்குறையைத் திரளின் மீது ஏற்றிச் 'சூழ்ந்து பாய்ந்த கும்பல்' என எழுதுவது எளிது. எத்தனை பேர் நுழையலாம், எவ்வழியே வெளியேறலாம், எவர் வாசலில் நிற்பர் என்பவற்றை முடிவு செய்திருக்க வேண்டியவர்கள் ஏற்பாட்டாளர்களே.

5. வைக்கப்படாத மலர்வளையம்

வருகையின் மிக நுட்பமான சிக்கல் இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னத்தைப் பற்றியது. 1945 சூலை 8ஆம் நாள் சிங்கப்பூர்க் கடற்கரை முகப்பில் நேதாஜி அதற்கு அடிக்கல் நாட்டினார். 'ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம்' என்னும் பொருள்படும் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. பிரிட்டிஷார் மீண்டும் வந்த சில நாள்களிலேயே அது தகர்க்கப்பட்டது. அவ்விடத்தில் நேரு மலர்வளையம் வைக்க வேண்டுமென்று உள்ளூர் இந்தியர்கள் விரும்பினர், அவரும் இசைந்திருந்தார்.

அப்படியொரு சடங்கு நடைபெற்றிருந்தால் நாளிதழ்களின் தலைப்புச்செய்தி அதுவாகவே இருந்திருக்கும். மவுண்ட்பேட்டன் தடையாணை பிறப்பிக்கவில்லை. நேருவிடம் நேரில் பேசினார். சப்பானியர் பக்கம் சேர மறுத்துக் கைதிகளாகத் துன்புற்ற இந்திய வீரர்களும் உண்டு, நாளைய சுதந்திர இந்தியாவின் படை தன் உறுதிமொழியைக் காத்த வீரர்களைக் கொண்டே அமையும் என்பது அவர் முன்வைத்த வாதத்தின் சாரம். நேரு அதனை ஏற்றுப் பொதுச் சடங்கைக் கைவிட்டார்.

செய்தி மேலாண்மை என்னும் நோக்கில் இது மிகச் சிறந்த எடுத்துக்காட்டாகும். தடை விதித்திருந்தால் தடையே செய்தியாகியிருக்கும். எதிர்ப்புக் கூட்டம் கூடியிருக்கும். அதை அடக்கக் காவலர் வந்திருப்பர். தலைவரே விலகிக்கொண்டதால் இதழாளர்கள் எழுதுவதற்கு ஒரு நிகழ்ச்சியே இல்லாமல் போயிற்று. ஆனால், அதன் விலையைச் செலுத்தியவர்கள் யாவர்? போரில் மகனை இழந்த தோட்டத்துத் தாய்க்கு அந்த மலர்வளையம் தன் மகனுக்குரிய மரியாதையாக இருந்திருக்கும். நேருவின் முடிவு இந்திய நாட்டின் நலன் கருதியது என்பதை மறுப்பதற்கில்லை. அதேவேளை, மலாயா இந்தியரின் நினைவும் இந்திய அரசின் தேவையும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும் எனக் கொள்ள முடியாது என்பதை இச்சிறு நிகழ்ச்சி அன்றே உணர்த்திவிட்டது.

அந்நினைவுச்சின்னம் இருந்த இடத்தில் சிங்கப்பூர் அரசு 1995இல் நினைவுப் பலகை ஒன்றை நிறுவியது. ஐம்பது ஆண்டுகள் கழித்து அவ்விடம் வரலாற்றில் தனக்குரிய இடத்தைப் பெற்றது.

6. இதழ்களும் வாசகர்களும்

போருக்குப்பின் காகிதத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் நாளிதழ்கள் மிகக் குறைந்த பக்கங்களிலேயே வெளிவந்தன. ஆங்கில வாசகர்க்கு 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' 1945 செப்டம்பரிலேயே மீண்டும் வந்துவிட்டது. தமிழருக்கு 1924இல் கோலாலம்பூரில் தொடங்கப்பெற்ற 'தமிழ் நேசன்', 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகியன இருந்தன. ஆங்கிலம் படித்த இந்தியருக்காக 'இந்தியன் டெய்லி மெயில்' என்னும் நாளிதழும் 1946இல் சிங்கப்பூரில் வெளிவரத் தொடங்கியது.

மவுண்ட்பேட்டன் இதழ்களின் ஆற்றலை நன்குணர்ந்தவர். தம் ஆணைக்கு உட்பட்ட படையினருக்கென்றே 1944இல் 'சீயாக்' என்னும் நாளிதழைத் தொடங்கச் செய்தவர் அவர். தலைமைத் தளபதியும் நேருவும் ஒரே காரில் அமர்ந்திருக்கும் காட்சி எத்தனை தலையங்கங்களுக்கு ஈடாகும் என்பதை அவர் அறிந்திருப்பார். அக்காட்சி படைவீரர்களுக்கு ஒரு செய்தியையும், பழைய மனப்பான்மையிலிருந்த அதிகாரிகளுக்கு மற்றொரு செய்தியையும், தில்லிக்கும் இலண்டனுக்கும் வேறொரு செய்தியையும் சொல்லியது.

ஆங்கில இதழுக்கும் தமிழ் இதழுக்கும் இத்தகைய வருகையில் அமையும் பணி வேறுபட்டது. ஆங்கில இதழ் பெரும்பாலும் நடந்ததை நடந்தபின் அறிவிக்கும். தமிழ் இதழ் நடப்பதற்கு முன்பே பணியைத் தொடங்கிவிடும். தலைவர் எந்நாள் வருகிறார், எங்கே பேசுகிறார் என்பதைத் தோட்டத்திற்கும் துறைமுகக் குடியிருப்பிற்கும் கொண்டுசேர்க்கும் வாயில் அதுவே. தோட்டப்புறங்களில் ஒருவர் வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பது வழக்கம். வாசிப்பவர் பல இடங்களில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தார். ஓர் இதழ்ப்படி ஒரு லயத்திற்கே போதுமானது. எனவே, விற்பனைப் படிகளின் எண்ணிக்கையைக் கொண்டு தமிழ் இதழின் செல்வாக்கை அளப்பது பொருந்தாது. திரளை உருவாக்கியதில் தமிழ் இதழுக்கும் அதை வாசித்துக் காட்டிய ஆசிரியருக்கும் பங்கு உண்டு என்பது நம் துணிபு.

வாழ்க்கை வரலாற்று நூல்கள் ஆங்கிலச் சான்றுகளையே பெரிதும் சார்ந்திருப்பதால் இம்முன்பணி கண்ணில் படாது போயிற்று. திரள் தானாகவே ஊற்றெடுத்தது போன்ற தோற்றம் அங்கே உண்டாகிறது. மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியாக அக்காலத்தில் பணியாற்றிய எஸ். கே. செட்டூர் 1948இல் வெளியிட்ட 'மலாயன் அட்வென்ச்சர்' என்னும் நூல், மவுண்ட்பேட்டன் வட்டத்திற்கு வெளியிலிருந்து எழுதப்பட்ட நூல் என்னும் வகையில் கூடுதல் கவனத்திற்குரியது. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் 2009இல் தொடங்கிய நாளிதழ் மின்தொகுப்பு இன்று ஆய்வாளரின் பணியைப் பேரளவு எளிதாக்கியுள்ளது. ஒரே நிகழ்ச்சி பற்றிய தமிழ்ச் செய்தியையும் ஆங்கிலச் செய்தியையும் அருகருகே வைத்து ஒப்பிடும் பயிற்சியை இளநிலை மாணவர்களுக்கே இப்போது அளிக்க முடியும்.

7. வருகைக்குப் பின்

திரள் கலைந்தது, அதன் தாக்கம் கலையவில்லை. சிங்கப்பூரிலிருந்து மலாயாவுக்குச் சென்ற நேரு அங்கும் இந்தியச் சமூகத்தினரைச் சந்தித்தார். அவ்வாண்டே காங்கிரசின் சார்பில் மருத்துவக் குழு ஒன்று மலாயாவுக்கு வந்து தோட்டங்களில் பணியாற்றியது. இந்தியர்கள் தமக்கென ஓர் அமைப்பில் ஒன்றுபட வேண்டும் என்னும் நேருவின் அறிவுரையால் ஊக்கம் பெற்றவர்களுள் ஜான் திவி குறிப்பிடத்தக்கவர். நேதாஜியின் தற்காலிக அரசில் பொறுப்பு வகித்த அவரைத் தலைவராகக் கொண்டு 1946 ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரஸ் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டது. கெடாவில் தோட்டத் தொழிலாளரிடையே தொண்டர் படை வளர்ந்ததும் இக்காலத்தில்தான்.

1950 சூனில் நேரு மூன்றாம் முறை வந்தபோது அவர் ஒரு நாட்டின் பிரதமர். 1948இல் தொடங்கிய அவசரகாலம் அப்போது நடப்பில் இருந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டு ஓராண்டு கடந்திருந்தது. 1946இல் விடுதலையை எதிர்நோக்கி ஒன்றாக நின்றவர்கள், 1950இல் எந்த நாட்டின் குடிமக்களாக வாழ்வது என்னும் வினாவின் முன் நின்றனர். ஒரே தலைவர், ஒரே மக்கள் எனினும் திரளின் பொருள் நான்காண்டில் மாறிவிட்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் மூன்று கருத்துகள் தெளிவாகின்றன. முதலாவதாக, 1946 மார்ச் 18ஆம் நாள் பெருந்திரள் வன்முறையின்றி அமைந்ததற்குத் திறந்துவிடுவதென ஆட்சியாளர் எடுத்த முடிவும், திரள்வதில் மக்கள் பெற்றிருந்த பயிற்சியும் காரணங்களாயின. அதே முடிவு ஒரு மாதத்திற்கு முன் பிராஸ் பாசா சாலையில் திரண்டவர்களுக்கு வாய்க்கவில்லை. இரண்டாவதாக, செய்தியை அடக்குவதைவிடச் செய்தியாகும் நிகழ்ச்சியையே இணக்கத்தால் விலக்குவது ஆற்றல் மிக்க வழி என்பதை மலர்வளைய நிகழ்ச்சி காட்டுகிறது. அவ்வழியில் உண்மையான துயரம் ஒன்று பொதுவெளியில் இடமின்றிப் போகலாம் என்பதையும் அதுவே காட்டுகிறது. மூன்றாவதாக, திரண்டவர்களின் பக்கமிருந்து இந்நிகழ்ச்சி இன்னும் எழுதப்படவில்லை.

இம்மூன்றாவது கருத்து நம் ஆசிரியர்களுக்கு ஒரு கடமையைச் சுட்டுகிறது. அன்று தந்தையின் தோளில் அமர்ந்து நேருவைப் பார்த்த குழந்தைகளும் பத்து வயதுச் சிறுவர்களும் இன்று தொண்ணூறை ஒட்டிய அகவையினர். சிங்கப்பூரில் 1979இல் தொடங்கப்பெற்ற வாய்மொழி வரலாற்று நிலையம் இவ்வகை நினைவுகள் பலவற்றைக் காத்துவைத்திருக்கிறது. எனினும், தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் நகர்ப்புறம் பெயர்ந்துவிட்ட மலேசியாவில் இன்னும் பதிவாகாதவை மிகப் பல. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் தம் மாணவரின் மூத்த உறவினர் ஒருவரிடம் மூன்று வினாக்களைக் கேட்கச் செய்யலாம்: எப்படிப் போனீர்கள்? யார் சொல்லித் தெரிந்துகொண்டீர்கள்? எங்கே நின்றீர்கள்? காரில் சென்றவர்களைப் பற்றி நூல்கள் பல உள்ளன. லாரியில் வந்தவர்களைப் பற்றி எழுதுவதற்கு இந்த மூன்று வினாக்களின் விடைகள் தொடக்கமாக அமையும்.